சொந்தக் காரைத் தொழிலுக்கும் ஓட்டுகிறீர்களா? வருமான வரியில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்க முடியாது

கொழும்பில் சின்னதாகத் தொழில் செய்கிற நம்மில் பெரும்பாலானோருக்கு வாகனம் ஒன்றுதான். காலையில் அதே காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே புறக்கோட்டைக்குப் போய்ச் சாமான் எடுத்து, மத்தியானம் தெஹிவளையில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு, பின்னேரம் அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போவோம். வருட முடிவில் வரிக் கணக்கு எழுத உட்காரும்போதுதான் கேள்வி வருகிறது: இந்தப் பெற்றோல் காசில் எவ்வளவைத் தொழில் செலவாகக் காட்டலாம்? ஒருசிலர் முழுவதையும் காட்டுகிறார்கள், இன்னும் சிலர் எதற்கு வம்பு என்று ஒன்றையுமே காட்டுவதில்லை. இரண்டுமே சரியில்லை. முதலாவது நாளைக்கு விசாரணையில் மாட்டும், இரண்டாவது உங்கள் காசு வீணாகப் போகிறது.

இங்கே சொல்லப்போவது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி. அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், பழைய 2006 சட்டத்தின் பழக்கத்திலேயே ஆலோசனை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் லண்டனில் இருக்கிற சொந்தக்காரர்கள், "மைலுக்கு இவ்வளவு என்று போட்டுக் கழிச்சுவிடு" என்பார்கள். அது அவர்களுடைய நாட்டு முறை. நம் சட்டத்தில் அப்படியொரு நிர்ணய விகிதம் இல்லை. உண்மையில் செலவான காசு, அதில் தொழிலுக்கான பங்கு, இரண்டுக்கும் ஆதாரம், இவ்வளவுதான் நம் முறை.

முதலில் நீங்கள் யார் என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

நீங்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், கம்பனி வேலைக்கு உங்கள் காரையோ மோட்டார் சைக்கிளையோ ஓட்டுகிறீர்கள் என்றால் கதை சின்னது. சம்பள வருமானத்திலிருந்து வாகனச் செலவைக் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. கழிவுகள் எல்லாம் தொழில் வருமானத்துக்கும் முதலீட்டு வருமானத்துக்கும்தான். ஆனால் கம்பனி எப்படிக் காசு தருகிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. மாதாமாதம் "போக்குவரத்துப் படி" என்று ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துத் தந்தால் அது சம்பள வருமானம், சம்பளத்திலேயே பிடிக்கிற ஏப்பிட் வரிக்குள் வரும். அதையே கம்பனி வேலைக்காக நீங்கள் கைக்காசில் செலவழித்து, பில்லும் பயண விவரமும் கொடுத்துத் திருப்பி வாங்கினால், அது உங்கள் வருமானமாகக் கணக்கில் வராது. விற்பனைப் பிரதிநிதியாக ஓடித் திரிகிறவர்கள் கணக்குப் பிரிவோடு ஒருமுறை பேசிப் பார்க்கலாம். ஆனால் படியைத் திருப்பிக் கொடுப்பனவு என்று பெயர் மாற்றினால் மட்டும் போதாது, பின்னால் பில் இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பிரைவேட் லிமிட்டெட் கம்பனி இருந்து, கார் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், கம்பனி வேறு, நீங்கள் வேறு. காரின் செலவைக் கம்பனிக் கணக்கில் அப்படியே போட முடியாது. கம்பனி உங்களுக்கு வாடகை தந்தால் அது உங்கள் கையில் வருமானம், கம்பனி வேலைக்கு ஓடியதைத் திருப்பித் தந்தால் மேலே சொன்ன மாதிரிதான்.

சொந்தப் பெயரிலோ ஒரு வியாபாரப் பெயரைப் பதிந்தோ தனியாளாகத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை: டியூஷன், கேற்றரிங், கல்யாண அலங்காரம், புடவைக் கடை, கணினி பழுதுபார்ப்பு, கட்டட ஒப்பந்தம், பிக்மீயிலும் ஊபரிலும் ஓடுகிறவர்கள் எல்லோரும்.

அடுத்தது, அது எந்த வகை வாகனம்

பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். வாகனத்தில் இரண்டு வகைச் செலவு இருக்கிறது. ஒன்று ஓட்டுகிற செலவு, பெற்றோல், சேர்விஸ், காப்புறுதி மாதிரி. மற்றது வாகனத்தின் விலை. ஓட்டுகிற செலவில் தொழிலுக்கான பங்கை 11ஆம் பிரிவின் கீழ் கழிக்கலாம், வாகனம் எதுவாக இருந்தாலும். விலையை அப்படிக் கழிக்க முடியாது. அதைத் தேய்மானமாக, சட்டத்தின் மொழியில் மூலதனப்படியாக, வருடங்களுக்குப் பங்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேய்மானம் எல்லா வாகனத்துக்கும் கிடைக்காது.

சட்டத்தின் நான்காம் அட்டவணை சொல்வது இது: வீதியில் ஓடும் வாகனம் என்றால் அது வர்த்தக வாகனமாகவோ, பஸ், மினிபஸ், பொருள் ஏற்றும் வண்டி, கனரக ட்ரக் போன்றதாகவோ இருக்க வேண்டும். வர்த்தக வாகனம் என்பது அரை டொன்னுக்கு மேல் பாரம் ஏற்றுவதற்கோ, பதின்மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதற்கோ வடிவமைத்த வாகனம், அல்லது போக்குவரத்துத் தொழிலிலோ வாகன வாடகைத் தொழிலிலோ பாவிக்கிற வாகனம்.

அதாவது, வெள்ளவத்தையில் டியூஷன் நடத்துகிற ஒருவர் தன் வேகன் ஆரின் விலைக்குத் தேய்மானம் எடுக்க முடியாது. நூறு சதவீதம் டியூஷனுக்குத்தான் ஓடுகிறது என்றாலும் முடியாது. அதே வேகன் ஆரைப் பிக்மீயில் ஓட்டுகிறவர் எடுக்கலாம், அவருக்கு அது போக்குவரத்துத் தொழில். நியாயமா என்று கேட்டால், எனக்கும் அவ்வளவு நியாயமாகப் படவில்லைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. "காருக்கு ஐந்து வருடத் தேய்மானம் போட்டுவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் எந்தத் தொழில், எந்த வாகனம் என்று கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

சின்ன லொறி, அரை டொன்னுக்கு மேல் ஏற்றுகிற பட்டா மாதிரியானவை சிக்கலில்லாமல் உள்ளே வரும். வானும் டபுள் கெப்பும் இடையில் நிற்கிறவை. பதிவுப் புத்தகத்தில் என்ன வகை என்று போட்டிருக்கிறது, எத்தனை ஆசனம், எவ்வளவு பாரம் என்பதைப் பார்த்து, அந்தப் பிரதியோடு கணக்காளரிடம் போங்கள். தெருவில் எல்லோரும் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது ஆதாரமாகாது.

தேய்மானம் கிடைக்கிற வாகனத்துக்குக் கணக்குச் சுலபம், விலையை ஐந்தால் வகுத்து வருடத்துக்கு ஒரு பங்கு. 40 இலட்சத்துக்கு வாங்கிய லொறி முழுக்கத் தொழிலுக்கே என்றால் வருடம் 8 இலட்சம். இருபது சதவீதம் வீட்டுக்கும் ஓடினால் 6 இலட்சத்து 40 ஆயிரம். ஒரு வருடத்துக்கான படியை அந்த வருடத்திலேயே எடுக்க வேண்டும். இந்த வருடம் இலாபம் குறைவு, அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைப்போம் என்பது நடக்காது.

விற்கும்போது என்ன ஆகும் என்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த லொறியை மூன்று வருடம் பாவித்து 24 இலட்சம் தேய்மானம் எடுத்த பிறகு புத்தகத்தில் அதன் மதிப்பு 16 இலட்சம். சந்தையில் 35 இலட்சத்துக்கு விற்றால் மிச்சமான 19 இலட்சமும் அந்த வருடத் தொழில் வருமானத்தில் சேர்ந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களின் விலை ஏறியது நினைவிருக்கும். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த விலையில் விற்றுவிட்டுச் சந்தோஷப்பட்ட பலருக்கு வரிக் கணக்கு பிறகுதான் தெரிய வந்தது. தேய்மானமே எடுக்காத சொந்தக் காரை விற்றால் இந்தச் சிக்கல் இல்லை. முதலீட்டுச் சொத்து என்று சட்டம் சொல்கிற பட்டியலில் காணி, கட்டடம், பங்கு மாதிரியானவைதான் இருக்கின்றன, சொந்தக் கார் இல்லை.

பெயரும் லீசிங்கும்

லீசிங்கில் எடுத்த வாகனத்தின் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். நிதிக் குத்தகை என்றால் வரிக் கணக்கில் உரிமையாளர் நீங்கள்தான், கம்பனி உங்களுக்குக் கடன் தந்ததாகவே சட்டம் பார்க்கிறது. ஆகவே மாதத் தவணை முழுவதும் செலவு ஆகாது. அதில் வட்டிப் பகுதியை மட்டும், அதுவும் தொழில் பங்கு அளவுக்கு, கழிக்கலாம். மீதி, அதாவது வாங்கிய கடனின் முதல் தொகை, வாகனத்தின் விலை, அது தேய்மானத்துக்குள் போகும், தேய்மானம் இல்லாத காரென்றால் எங்கும் போகாது. தவணையில் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்ற அட்டவணையைக் கேட்டால் லீசிங் கம்பனி தரும், கேட்டு வாங்கி வையுங்கள்.

நம் ஊரில் இருக்கிற பெரிய தலைவலி ஓப்பன் பேப்பர். வாகனத்தை வாங்கிவிட்டு, முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட படிவத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வரிக்குத் தேய்மானம் கேட்க வேண்டுமென்றால் அந்த வாகனம் உங்களுடையது என்று காட்ட வேண்டுமே. மனைவியின் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ இருக்கிற வாகனத்துக்கும் இதே பிரச்சினை. தொழில் ஓட்டத்துக்கு நீங்கள் அடித்த பெற்றோலை நீங்கள் காட்டலாம், விலையின் தேய்மானத்தைக் கேட்பது கடினம். முதலில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

கிலோமீற்றர் கொப்பி

சரி, இனி உண்மையான வேலை. தொழிலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்பதை எப்படிப் பிரிப்பது? நியாயமான வழி ஓடிய தூரம். மதிப்பாண்டு, அதாவது வரிக் கணக்கு வருடம், ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது, அந்த இரண்டு நாளும் மீற்றரை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வருடம் மொத்தம் எவ்வளவு ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி.

நடுவில் தொழில் பயணங்களை மட்டும் எழுதினால் போதும், வீட்டு ஓட்டத்தை எழுதித் தள்ள வேண்டியதில்லை. திகதி, எங்கிருந்து எங்கே, யாரைப் பார்க்க அல்லது என்ன வேலைக்கு, எத்தனை கிலோமீற்றர். ஒரு வரி. "பேலியகொடை, மரக்கறி எடுக்க" என்று எழுதினால் போதும், ஆனால் "வேலை" என்று மட்டும் எழுதினால் அதை எழுதாமலே விட்டிருக்கலாம். கொப்பியோ, ஃபோனோ, எக்செல்லோ, தமிழிலோ எதிலோ, அன்றன்றைக்கே எழுதுவதுதான் முக்கியம். மார்ச் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவால் ஒரு வருடத்தை எழுதினால் பார்க்கிறவருக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து கடைக்குப் போய் வருகிற தூரம் தொழில் தூரமா? இல்லை. வத்தளையிலிருந்து தினமும் புறக்கோட்டைக் கடைக்கு வருவது உங்கள் சொந்தப் பயணம், வீட்டுச் செலவுக்குள் வருகிறது, 10ஆம் பிரிவு அதைக் கழிக்க விடாது. கடையிலிருந்து பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் எடுக்கப் போவது தொழில். வீட்டிலேயே தொழில் நடத்துகிறவர்கள், உதாரணமாக வீட்டுச் சமையலறையிலிருந்து கேற்றரிங் செய்கிறவர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தூரத்தைத் தாராளமாக எழுதலாம். போகிற வழியில் பிள்ளையை இறக்கிவிட்டால்? பாதையை மாற்றாமல் இறக்கியிருந்தால் நான் அதைப் பெரிதாக எடுக்க மாட்டேன், பள்ளிக்கூடத்துக்காகச் சுற்றிப் போயிருந்தால் அந்தச் சுற்றைக் கழித்துவிடுங்கள்.

எந்தெந்த பில்

பெற்றோல் அல்லது டீசல், எண்ணெய் மாற்றம், சேர்விஸ், டயர், பற்றரி, காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, இவற்றையெல்லாம் மொத்தமாகக் கூட்டித் தொழில் சதவீதத்தால் பெருக்க வேண்டும். தொழில் பயணத்தில் கட்டிய பார்க்கிங்கும் அதிவேகப் பாதைக் கட்டணமும் வேறு, அவை முழுவதும் தொழிலுடையவை, சதவீதம் போடத் தேவையில்லை. கட்டுநாயக்கவுக்கு மாமாவை ஏற்றப் போன அன்றைய டோல் சீட்டை இதற்குள் செருக வேண்டாம்.

பெற்றோல் செட்டில் தருகிற பில்லில் பல நேரம் வாகன இலக்கம் இருக்காது, கேட்டால் எழுதித் தருவார்கள். முடிந்தவரை ஒரே கார்டில் கட்டுங்கள், வங்கிக் கூற்று இரண்டாவது சாட்சியாக நிற்கும். அந்தச் சூட்டுத்தாள் பில்கள் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

சாரதி வைத்திருந்தால் அவருடைய சம்பளமும் செலவு. அதோடு ஈபிஎஃபில் உங்கள் பங்கு 12 சதவீதம், ஈடிஎஃப் 3 சதவீதம் கட்ட வேண்டியது வேறு கடமை, சம்பளத்தைச் செலவாகக் காட்டிவிட்டு இதைக் கட்டாமல் இருந்தால் உங்கள் கணக்கே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

காலி வீதியில் தவறான இடத்தில் நிறுத்தி வாங்கிய தண்டப்பணத்தைக் கழிக்க முடியாது. தொழிலுக்குப் போனபோது வாங்கினாலும் தண்டம் தண்டம்தான். வற் பதிவு இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பயணத்துக்குக் கார் வாங்கும்போது கட்டிய வற்றை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கேட்க முடியாது, வாகன வாடகை மாதிரியான தொழில் என்றால் தவிர.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக எடுத்த எண்கள் இவை. கொட்டாஞ்சேனையில் கல்யாண அலங்காரம் செய்கிற ஒருவர், சொந்தக் கார், வருடம் 18,000 கிலோமீற்றர் ஓடியது, கொப்பியின்படி தொழிலுக்கு 10,800. அது 60 சதவீதம். பெற்றோல் 4,60,000, சேர்விஸும் டயரும் 1,80,000, காப்புறுதி 90,000, அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் 20,000. மொத்தம் 7,50,000 ரூபா, அதில் 60 சதவீதம் 4,50,000. காருக்குத் தேய்மானம் இல்லை.

காரைச் சேர்க்காமல் அவருடைய தொழில் இலாபம் 29 இலட்சம் என்று வைப்போம். 2025/26 முதல் தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சம், அதைக் கழித்தால் மிச்சம் 11 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், 60,000. அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம் என்பதால் மீதி ஒரு இலட்சத்துக்கு 18,000. ஆக வரி 78,000. காரின் 4,50,000ஐக் கழித்தால் வரிக்குரிய தொகை 6,50,000ஆக இறங்கும், வரி 39,000. பாதி. வருமானம் கூடக் கூட வீதம் 24, 30, 36 என்று ஏறுவதால் பெரிய இலாபம் உள்ளவருக்கு இதே கொப்பி இன்னும் அதிகம் மிச்சப்படுத்தும்.

பிக்மீ, ஊபர் ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் வங்கிக்கு வந்த தொகை உங்கள் வருமானம் இல்லை. பயணி கட்டிய முழுத் தொகை வருமானம், செயலி வெட்டிய கொமிஷன் செலவு. கைக்காசாக வந்ததையும் சேர்க்க வேண்டும். செயலியிலேயே மாதாந்த விவரம் இருக்கும், அதை இறக்கி வைத்துக்கொண்டால் கிலோமீற்றர் கொப்பியின் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனித் தாக்கல் செய்வது

டின் எனப்படும் வரி செலுத்துவோர் இலக்கம் இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள், அடையாள அட்டை இருந்தால் இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே பதியலாம். வரியை வருட முடிவில் ஒரே தடவையில் கட்டுவது இல்லை, ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணை, குறைந்திருந்தால் மீதியை செப்டெம்பர் 30க்குள் தீர்க்க வேண்டும். விவரத்திரட்டை, அதாவது வருட வருமானத்தை எழுதிக் கொடுக்கிற படிவத்தை, நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். ஆகவே மார்ச் 31இல் முடிகிற வருடத்துக்கு அந்த நவம்பர் வரை நேரம் இருக்கிறது, ஆனால் கொப்பியை ஏப்ரலிலேயே கூட்டி முடித்துவிட்டால் மே மாதத் தவணையைச் சரியாகக் கட்டலாம்.

விவரத்திரட்டோடு பெற்றோல் பில்களைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் காட்ட வேண்டும், அதற்காக ஐந்து வருடத்துக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு கோப்பு போடுங்கள்: மீற்றர்ப் படங்கள், கொப்பி, பில்கள், லீசிங் அட்டவணை, பதிவுப் புத்தகத்தின் பிரதி, சதவீதத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு. அந்த ஒரு பக்கம் எழுத இன்றைக்குப் பத்து நிமிடம், மூன்று வருடம் கழித்து அதிகாரி கேட்கும்போது உங்களுக்கே அது ஞாபகம் இருக்காது.

நூறு சதவீதம் என்று எழுதுவதைப் பற்றி ஒன்று. வீட்டில் வேறு வாகனம் இருந்து, இந்த லொறி இரவிலும் கடை முன்னாலேயே நிற்கிறது என்றால் எழுதுங்கள். வீட்டுக்கு இருக்கிற ஒரே கார் என்றால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார், அந்த ஒரு எண்ணால் மற்றச் செலவுகளையும் சேர்த்துச் சந்தேகப்படத் தொடங்குவார்.

சந்தேகம் இருந்தால் இறைவரித் திணைக்களத்தின் 1944க்கு அழைக்கலாம், அல்லது கொழும்பு 2, சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிற திணைக்களத் தலைமையகத்துக்கு நேரே போகலாம். போகிறதென்றால் பதிவுப் புத்தகத்தின் பிரதியை மறக்காமல் கொண்டுபோங்கள், வாகனத்தின் வகை தெரியாமல் தேய்மானத்தைப் பற்றி அங்கே யாராலும் பதில் சொல்ல முடியாது.